கசப்புத் தண்ணீர்

மரக்காணம்
11.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தனகோடி எழுதுவது. இங்கே நானும் விஜியும் சுகம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இருக்கிறோம். போர்ட் பிளேரில் நீயும் மாமாவும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும்.

தபால்காரர் கவரை நீட்டியதும் பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று மாமா கேட்பார். சொல்கிறேன். ஆபரேஷனில் இடது பக்கத் தாடையை எடுத்த பிறகு நான் போனில் பேசுவது உனக்குப் பாதிதான் புரிகிறது. புரியாத பாதிக்கு நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிடுகிறாய். போன மாசம் நம் வீட்டு ஆடு செத்துவிட்டது என்றேன். "ரொம்ப சந்தோஷம்பா" என்றாய்.

வாட்ஸ்அப்பில் எழுதேன் என்பாய். அந்தப் போனை விஜியிடம் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டார் பிரியங்கா மேடம். இவர் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கேன்சர் வந்து போனவர்களின் மனசைப் பார்க்கிறவர். மாத்திரை எழுத மாட்டார். பேச வைப்பார், மூச்சு விடச் சொல்லித் தருவார், நடக்கச் சொல்வார். சின்னப் பெண்தான். நான் அவரிடம் போனதற்குக் காரணம் விஜி. நான் டார்ச்சையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வாய்க்குள் பார்ப்பதை அவளால் சகிக்க முடியவில்லை.

"அங்கிள், ஒரு நாளைக்கு எத்தன வாட்டி வாயப் பாக்குறீங்க?" என்று மேடம் கேட்டார். எண்ணியதில்லை என்றேன். விஜி குறுக்கே புகுந்து, "டார்ச்சுக்கு பேட்டரி வாங்கியே மாளல மேடம்" என்றாள்.

உனக்குத் தெரியும், ரேடியேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் "நல்லா இருக்கீங்க, போயி வேலையப் பாருங்க" என்கிறார். கேட்கும்போது இனிக்கிறது. பஸ் கூனிமேடு தாண்டுவதற்குள் பயம் டிக்கெட் எடுக்காமல் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. திரும்ப வந்துவிட்டால்? ஸ்கேனில் தெரியாத இடத்தில் இருந்தால்? வீட்டுக்கு வந்ததும் போனில் தேடுவேன். போனில் என்ன வரும்? யாரோ ஒருவனுக்குத் திரும்ப வந்த கதைதான் வரும். அதனால்தான் போனுக்குப் பூட்டு.

"மனசுல இருக்கிறத உங்க மனுசங்க யாருக்காச்சும் கையால எழுதுங்க அங்கிள். எழுதிப் போட்டுட்டு பதிலுக்குக் காத்திருங்க. காத்திருக்கிறதும் இந்தப் பயிற்சியில ஒண்ணுதான்" என்றார் மேடம். என் மனுசர் என்றதும் உன் முகம்தான் வந்தது. அதனால் நீ மாட்டிக்கொண்டாய்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். பதில் போடு.

நீ வளர்த்த தம்பி,
தனகோடி

*

போர்ட் பிளேர்
2.3.2024

என் தம்பி தனகோடிக்கு,

அக்கா பாப்பாத்தி எழுதிக்கொள்வது. உன் மாமாவுக்கு முட்டி வலி. எனக்கு உன் மாமாதான் வலி. அதைத் தவிர இந்தத் தீவில் எங்களுக்குக் குறை இல்லை. நீயும் விஜியும் உடம்பு தேறி இருக்க அந்த பூமீஸ்வரர் துணை இருக்கட்டும்.

கவரைப் பார்த்ததும் பயந்து மாமாவிடம் நீட்டிவிட்டது உண்மைதான். மாமா பிரித்துப் படித்து "உன் தம்பிக்குக் கொழுப்பு குறையல" என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆட்டுக்கு சந்தோஷம் என்று சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு.

டேய், பயம் யாருக்கு இல்லை? புலியிடம் தப்பினவன் பூனையைப் பார்த்தாலும் நடுங்கத்தான் செய்வான். அம்மா போனபோது உனக்கு நடக்கக்கூடத் தெரியாது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உப்பளத்தில் கூடை சுமந்தவள் நான். உன் உடம்பில் எந்த மச்சம் எங்கே என்று எனக்குத் தெரியும். உன் மனசுக்குள் இருக்கிறது மட்டும் தெரியாமல் போய்விடக் கூடாது. அந்த மேடம் சொன்னதைச் செய். என்ன செய்கிறாய் என்று எனக்கும் எழுது. இங்கே எனக்கும் தூக்கம் வருவதில்லை, நானும் மூச்சு விட்டுப் பார்க்கிறேன்.

விஜிக்கு என் அன்பு. அவள் பொறுமைக்குக் கோயில் கட்டலாம்.

உன் அக்கா,
பாப்பாத்தி

*

மரக்காணம்
24.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை விஜி எனக்கு முன்பே படித்துவிட்டு, கோயிலை எந்த இடத்தில் கட்டப்போகிறீர்கள் என்று கேட்கிறாள். இருவரும் நலம். மாமாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அளத்தில் உப்பு இறங்க ஆரம்பித்துவிட்டது. காலையில் வேலையைப் பார்க்கிறேன். சாயந்தரம் மேடம் கொடுத்த வேலையைப் பார்க்கிறேன். அதற்குப் பேர் கவலை நேரம். நாள் முழுக்கக் கவலைப்படக் கூடாது, அதற்கென்று ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி அப்போது மட்டும் உட்கார்ந்து ஆசை தீரக் கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் வந்தால் "சாயந்தரம் வா" என்று அனுப்பிவிட வேண்டும். கடன்காரனை அனுப்புகிற மாதிரிதான். எனக்கு அது நன்றாக வரும்.

நம் பாத்தி வரப்பில்தான் உட்காருகிறேன். மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். என் உதடு எங்கே குவிகிறது? ஒரு பக்கம் எச்சில் ஒழுகும். துடைத்துக்கொண்டு அடுத்த மூச்சு. பிறகு கையை இறுக்கி விட வேண்டும், தோளை ஏற்றி இறக்க வேண்டும். பக்கத்து அளத்துப் பிரபு பார்த்துவிட்டு, "ஏம்ணே, யாரோட சண்டைக்கு நிக்கிற?" என்றான். அவன் பெண்டாட்டி விஜியிடம் வந்து, அவருக்குக் காத்து கருப்பு பட்டிருக்குது, வேப்பிலை அடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

இன்னொரு பயிற்சியில்தான் நான் அழுதுவிட்டேன். பயம் மேலே வரும்போது சுற்றி இருப்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணில் படுவது, கையில் படுவது, காதில் விழுவது, மூக்கில் வருவது, கடைசியில் ருசிக்கிற பொருள் ஒன்று. மேடம் அன்று ஒரு முட்டாயை என் கையில் கொடுத்து, "இது என்ன ருசி அங்கிள்?" என்றார். ரேடியேஷனுக்குப் பிறகு எனக்கு எந்த ருசியும் இல்லை அக்கா. விஜி வைக்கிற மீன் குழம்பும் வெறும் சுடுதண்ணீரும் எனக்கு ஒன்றுதான். அவளிடம் இதுவரை சொன்னதில்லை, "நல்லா இருக்குது" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் உடைந்துவிட்டேன்.

இப்போது நல்ல சேதிக்கு வருகிறேன். வாய் வறண்டு போகிறது என்பதற்காக, ஆறவைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் ஆப்பசோடாவும் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லியிருக்கிறார்கள் ஆஸ்பத்திரியில். சிட்டிகை எல்லாம் கடையில் உப்பு வாங்குகிறவர்களுக்கு. போன வாரம் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சி நிற்குமே, கசப்புத் தண்ணீர், அதில் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்தேன். அக்கா, கசந்தது! எனக்கு ருசி தெரிந்தது! நாக்கு செத்துப்போகவில்லை. அன்றிலிருந்து தினமும் ஒரு பாட்டிலில் பிடித்துவந்து கொப்பளிக்கிறேன். எரிகிறது, ஆனால் எரிந்து முடிந்த பிறகு மனசு அப்படி ஒரு அமைதியாக இருக்கிறது. உள்ளே எது முளைத்தாலும் அந்தத் தண்ணீரில் பிழைக்க முடியாது என்று தோன்றுகிறது. டார்ச் அடிப்பதுகூடக் குறைந்துவிட்டது.

விஜிக்குத் தெரியாது, இனி உன் கடிதத்தை அவளுக்கு முன்பே நான் வாங்கிவிடுவேன். அவளுக்கு எல்லாவற்றிற்கும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

தம்பி,
தனகோடி

*

போர்ட் பிளேர்
14.4.2024

தம்பி தனகோடிக்கு,

புத்தாண்டு அன்று உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வருஷமாவது நம் வீட்டில் ஆஸ்பத்திரி வாசனை வராமல் இருக்கட்டும். நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், கவலை வேண்டாம்.

நீ ருசி தெரிந்தது என்று எழுதிய இடத்தை மாமாவுக்குத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினேன். பாயசம் வைத்தேன்.

உப்பைப் பற்றி நமக்கு யார் சொல்லித் தர வேண்டும்? அப்பாவின் காலில் கண்ணாடி கிழித்து சீழ் வைத்தபோது அந்தத் தண்ணீரில்தானே காலை ஊறவைத்தார்? ஒரு வாரத்தில் ஆறியது. உப்பு போட்ட கருவாடு அழுகுகிறதா? உப்பு பட்ட இடத்தில் புழு பூச்சி தங்காது. நம் சோறு, நம் மருந்து எல்லாம் அதுதான். நம்மை அது கைவிடாது. எரிந்தால் பொறுத்துக்கொள். விடாதே, தினமும் செய்.

மேடம் சொல்கிற மூச்சையும் விடாதே. நானும் செய்கிறேன். நான் தோளை ஏற்றி இறக்குவதைப் பார்த்து மாமா சமையல்கட்டுப் பக்கமே வருவதில்லை, அந்த வகையில் பலன் தெரிகிறது.

விஜியிடம் குழம்பு விஷயத்தைச் சொல்லிவிடு. வருத்தப்படுவாள், ஆனால் அது தெரியாமல் அவள் உப்பு புளி பார்த்துப் பார்த்துப் போடுவது பாவம்.

உன் அக்கா,
பாப்பாத்தி

*

மரக்காணம்
12.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது, உப்பு கொட்டுகிறது, அளத்துக்காரனுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. நாங்கள் சுகம். உங்கள் ஊரில் மழை தொடங்கியிருக்கும், நனையாமல் இருங்கள்.

குழம்பு விஷயத்தைச் சொன்னேன். அன்று முழுக்க விஜி என்னோடு பேசவில்லை. மறுநாள் உப்பே போடாமல் குழம்பு வைத்து, "எப்பிடி இருக்குது?" என்றாள். நான் "நல்லா இருக்குது" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம் அக்கா.

மேடம் என்னை ஒரு குழுவில் சேர்த்திருக்கிறார். மாசத்தில் இரண்டு தடவை. எல்லாரும் கேன்சர் வந்து போனவர்கள். வட்டமாக நாற்காலி போட்டு அவரவர் பயத்தைச் சொல்ல வேண்டும். அங்கே கிளியனூர் தட்சணாமூர்த்தி என்று ஒருவர். பஸ் கண்டக்டராக இருந்தவர், தொண்டையில் ஓட்டை. அதை விரலால் மூடிக்கொண்டுதான் பேச முடியும். "முப்பது வருசமா உள்ள போ, உள்ள போன்னு கத்துனேன். கடைசியில என் கொரலே உள்ள போயிடுச்சு" என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம். அவருக்கும் எனக்கும் பேச்சு சரியில்லை என்பதால் எங்களுக்குள் நன்றாகப் புரிகிறது. டீக்கடையில் சைகையாலேயே ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசுகிறோம். அவருக்குக் கேன்சர் போய் ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. அவரைப் பார்க்கும்போது எனக்கும் ஐந்து வருஷம் உண்டு என்று நம்பிக்கை வருகிறது.

டார்ச்சை விஜியிடமே கொடுத்துவிட்டேன். மேடம் கைதட்டினார். கசப்புத் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. புதுச்சேரிப் பெண்ணுக்கு அளத்துத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்? நீ எழுதிய பிறகு காலை, மதியம், சாயந்தரம் என்று மூன்று வேளையாக ஆக்கிவிட்டேன். பயம் வந்தால் இடையிலும் ஒரு வாய். வாய்க்குள் அங்கங்கே கொஞ்சம் தோல் உரிந்திருக்கிறது. பழைய தோல் போய்ப் புதுத் தோல் வருகிறது என்று நினைக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி,
தனகோடி

*

மரக்காணம்
16.6.2024

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

தட்சணாமூர்த்தி போய்விட்டார். போன தடவை குழுவில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. பஸ் லேட் என்று நினைத்தேன். மேடம் எழுந்து நின்று சொன்னார். நுரையீரலில் வந்திருக்கிறது. ஐந்து வருஷம் கழித்து வந்திருக்கிறது அக்கா. மேடம் எல்லாரையும் அழவிட்டார், அப்புறம் அவரைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லச் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இனி அந்தக் குழுவுக்குப் போக மாட்டேன். ஜூன் மாச செக்கப்புக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போனேன். கால் உள்ளே வைக்க வரவில்லை. கடற்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு சாயந்தர பஸ்ஸில் திரும்பினேன். டாக்டர் லீவு என்று விஜியிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் சொல்லாதே. மூச்சுப் பயிற்சி, கவலை நேரம், எதுவும் இப்போது வேலை செய்யவில்லை. அந்தத் தண்ணீர் ஒன்றுதான் துணை.

தனகோடி

*

போர்ட் பிளேர்
30.6.2024

தம்பி தனகோடிக்கு,

எங்கள் உடம்பைப் பற்றி எழுத இப்போது மனசில்லை. நீ முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ.

அந்தக் கண்டக்டர் எனக்கு யாரென்றே தெரியாது, ஆனாலும் அழுதேன். அவர் உடம்பு வேறு, உன் உடம்பு வேறு. அடுத்த வீட்டில் இழவு விழுந்தால் நம் வீட்டிலும் பாடை கட்டுவதா? பயப்படுகிறாய், புரிகிறது. பயந்துகொண்டே போ. போய்ப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுது.

அக்கா

*

போர்ட் பிளேர்
4.8.2024

தனகோடிக்கு,

ஒரு மாசத்துக்கு மேல் காத்திருந்துவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. விஜிக்குப் போன் போட்டால் "நல்லாத்தான் இருக்காரு அண்ணி, சோறுதான் எறங்கல" என்கிறாள். சோறு ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன். "வாய் புண்ணா இருக்குதுன்றாரு, காட்ட மாட்டேங்கிறாரு" என்றாள். அதற்கு மேல் என்னால் மூடி வைக்க முடியவில்லை. நீ செக்கப்புக்குப் போகாததை அவளிடம் சொல்லிவிட்டேன். நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இரு.

பாப்பாத்தி

*

மரக்காணம்
8.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நானும் விஜியும் மிகவும் நலமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

உன்மேல் கோபம் எதுவும் இல்லை. நீ சொன்ன மறுநாளே விஜி என்னைச் சட்டையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "உள்ள என்னாங்க ஊத்துனீங்க?" என்றார். சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, "ஒரு சிட்டிகைன்னு எதுக்குச் சொன்னோம்?" என்று மட்டும் கேட்டார். ரேடியேஷன் பட்ட தோலாம், அது அந்தத் தண்ணீரைத் தாங்காதாம். வாய் முழுக்க வெந்திருந்தது.

பிரியங்கா மேடம் திட்டவில்லை. "டார்ச்ச விட்டீங்க. அந்த எடத்துல இந்தத் தண்ணி வந்து குந்திக்கிச்சு. அதே பயம்தான் அங்கிள், வேற சட்டை போட்டுக்குனு வந்திருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

தண்ணீரை நிறுத்திவிட்டேன். மருந்து தடவினார்கள். இப்போது எல்லாப் புண்ணும் ஆறிவிட்டது. வெறும் உப்புப் புண்தான், வேறு எதுவும் இல்லை. ஆகவே நீ எதையும் நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீ சொல்லித்தான் செய்தேன் என்றும் நினைக்காதே. உன் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே செய்துகொண்டிருந்தேன், என் பழைய கடிதத்தை எடுத்துப் பார், தெரியும்.

அளத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது. இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். இனிமேல் எழுதுவதற்குப் பெரிதாகச் சேதி இருக்காது. பதில் வரத் தாமதமானால் கவலைப்படாதே.

தங்கள் அன்புள்ள,
தனகோடி

*

மரக்காணம்
15.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

விஜயலட்சுமி எழுதுவது. நீங்களும் அண்ணனும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை எடுத்தேன். வீட்டில் அவர் பக்கத்திலேயே இருக்கிறார். வெளியே போய்ப் பேசினாலும் எனக்கு வாய் வரவில்லை.

எல்லாம் ஆறிவிட்டது என்று உங்களுக்கு எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு என்னிடமும் படித்துக் காட்டினார். அண்ணி, மற்றதெல்லாம் ஆறியது உண்மைதான். நாக்குக்குக் கீழே ஒன்று மட்டும் ஆறவில்லை. அதிலிருந்து சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். கேன்சர் திரும்ப வந்துவிட்டது. வாய் முழுக்க வெந்து கிடந்ததால் எது உப்புப் புண், எது அந்தப் புண் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கிறது. அவரும் எரிச்சல் எல்லாம் உப்பால்தான் என்று இருந்துவிட்டார். ஜூனிலேயே பார்த்திருந்தால் சின்னதாக இருந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். இப்போது நாக்கை எடுக்க வேண்டும். முழுசாகவே எடுக்க வேண்டியிருக்கும். குழாய் வழியாகத்தான் சாப்பாடு. எடுத்தால் பிழைக்க வழி இருக்கிறதாம். தள்ளிப் போடக் கூடாதாம்.

இவர் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். சண்டை போட்டு வேண்டாம் என்றால்கூட நான் பதிலுக்குச் சண்டை போடுவேன். அமைதியாகச் சொல்கிறார். டார்ச் கேட்பதில்லை, கண்ணாடி பார்ப்பதில்லை. வரப்பில் போய் உட்கார்ந்து மூச்சு விட்டுவிட்டு வருகிறார். என்னோடு பேசுவதில்லை. மேடத்திடம் வர மாட்டேன் என்கிறார். மேடம் என்னிடம், "இத்தன நாளா அவருக்கு இருந்தது வருமோன்னு பயம். இப்ப வந்தே வந்துடுச்சு. இதுக்கும் கூட ஆள் வேணும்மா, இதுக்குத்தான் ரொம்ப வேணும். அவரத் தனியா உடாதீங்க" என்றார். எப்படி விடாமல் இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் ஏன் பொய் எழுதினீர்கள் என்று கேட்டேன். "அக்காதான் உடாத, தினமும் செய்யின்னு எழுதிச்சு. இது தெரிஞ்சா, வளத்த கையாலயே வெஷம் வெச்சுட்டேன்னு அது நெனச்சிக்கும். தாங்காது விஜி. நான் செத்தாலும் உப்பால இல்லன்னு சொல்லிடு" என்றார்.

அவர் பேச்சை மீறி எழுதுகிறேன். என்னை மன்னியுங்கள். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள்,
விஜயலட்சுமி

*

போர்ட் பிளேர்
29.9.2024

என் தனகோடிக்கு,

நீ நலமாக இல்லை. நானும் இல்லை.

யார் சொன்னது என்று கேட்காதே. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான். அவளை ஒரு வார்த்தை சொன்னாய் என்று கேள்விப்பட்டால், கப்பலேறி வந்து மிச்சம் இருக்கிற தாடையையும் பேர்த்துவிடுவேன்.

யாரும் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். 'மிகவும் நலமாக இருக்கிறோம்' என்று நீ எந்தக் காலத்தில் எழுதினாய்? 'தங்கள் அன்புள்ள' என்று போட்டிருந்தாய். தாசில்தாருக்கா எழுதுகிறாய்? மாமா படித்துவிட்டு, "இது உன் தம்பி எழுத்து மாதிரியே இல்லையே" என்றார். அன்றிலிருந்தே அந்தக் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

விடாதே, தினமும் செய் என்று எழுதியது நான்தான். நீ முன்பே ஆரம்பித்தது உண்மை. ஒரு வேளையை மூன்று வேளையாக்கியது நான் எழுதிய பிறகுதானே? அதையும் நீதான் எழுதியிருக்கிறாய். தெரியாத விஷயத்தில் தெரிந்த மாதிரி சொன்னேன். அப்பாவின் கால் ஆறியது என்றால் அதனால் உன் வாய் ஆறிவிடுமா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. டாக்டரைக் கேட்டாயா என்று உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ அவரிடம் சொல்லியிருப்பாய். விஜி கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. சமையல்கட்டில் உப்பு ஜாடியைப் பார்க்க முடியாமல், அதை எடுத்து அப்பால் வைக்கும்படி மாமாவிடம் சொன்னேன். இது என்னுடைய பாரம். நான்தான் தூக்க வேண்டும். என் தலையிலிருந்து இறக்கிவிட்டதாக நினைத்து நீ அதை உன் தலையில் வைத்துக்கொள்ளாதே.

நீ எனக்காகப் பொய் எழுதினாய். எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக விஜியோடும் பேச்சைக் குறைத்தாய், மேடத்திடமும் போகவில்லை. யாரிடம் பேசினாலும் சேதி எனக்கு வந்துவிடும் என்று பயந்தாய். இப்போது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து பேசு. விஜியிடம் பேசு. அந்தப் பெண்ணிடம் போய் உட்கார். திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டி எழுது.

ஆபரேஷன் செய்துகொள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொன்னது போதும். செய்துகொண்டால் பிழைக்க வழி இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், அதை மட்டும் எழுதுகிறேன். நீ எதை முடிவெடுத்தாலும் நான் பக்கத்தில் இருப்பேன். நீ இல்லாமல் போய்விடுவாயோ என்று எனக்கு உயிர் போகிற மாதிரி பயமாக இருக்கிறது தனகோடி. இதை மறைத்து உனக்குத் தைரியம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கப்பலுக்கு மாமா சொல்லி வைத்திருக்கிறார். நீ வா என்று எழுதினால் வருகிறேன். எழுதாவிட்டாலும் வருவேன், கொஞ்சம் அழுதுகொண்டு வருவேன்.

அக்கா

*

மரக்காணம்
7.10.2024

அக்கா,

விஜியை ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதத்தை அவள் மடியில் வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவளும் நானும் சத்தம் போட்டு அழுதோம். பிரபு அளத்திலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் மேடத்திடம் போனோம். மூச்சு விடுங்கள், தோளை இறக்குங்கள் என்று எதுவும் சொல்லவில்லை அவர். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எதுக்கு அங்கிள் ரொம்ப பயமா இருக்குது?" என்றார். சாவுக்கு என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வருகிறது. பேச்சு போய்விடும் என்பதற்குத்தான் பயம் அக்கா. இப்போது பேசுவது மட்டும் என்ன பேச்சு, பாதி எச்சில், பாதி காற்று. ஆனால் விஜிக்கு அது புரிகிறது. உனக்குப் பாதி புரிகிறது. அதுவும் இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்றுதான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதை நான் அவர்களிடம் சொல்லி முடிக்க மதியம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் கேட்டார்கள்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த மாசக் கடைசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். பிழைப்பேனா என்று தெரியாது. டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை.

உன்னைத் திட்ட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். கிடைத்ததும் கிளம்பு. ஆபரேஷனுக்கு முன்னால் வந்துவிடு, பின்னால் வந்து பிரயோஜனம் இல்லை. போனில் இல்லை, எதிரே நீ நிற்க வேண்டும். ஒரே ஒரு தடவை உன்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொள்கிறேன்.

தனகோடி